மூன்றாவது ஓலை

ஜோவிதா உட்கார்ந்து பார்த்தவர்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குறைவு. பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். கோயிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பாள். கல்யாண வீட்டில் பந்தியைச் சுற்றிச் சுற்றி வருவாள். பீன்யாவில் அவள் வேலை பார்க்கும் வால்வு கம்பெனியில், சரக்கைக் கடைசியாகச் சோதித்து அனுப்பும் மேஜைக்கு ஓர் உயரமான ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அதன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதம் நாலு வருஷமாகக் கிழியவில்லை. என் பெண் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா நோரா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பெண்ணைப் பற்றி நோரா சொல்லி வைத்திருந்த பொய்களில் அதுதான் சின்னது.

உண்மை வேறு. உட்கார்ந்தால் ஜோவிதாவுக்கு மூட்டுகள் இறுகிப்போகும். இருபது நிமிஷம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு எழுந்தால் முட்டி மடங்காது. பாதத்தை ஊன்றினால் சரளைக்கல் மேல் நிற்பதுபோல் குத்தும். மற்ற நோயெல்லாம் படுத்து ஓய்வெடுத்தால் அடங்கும்; இது ஓய்வெடுத்தால் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வர்க்கம். நடந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் பிடியைத் தளர்த்தும். அதனால் நடந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது சுறுசுறுப்பு, அவளுக்குப் பிழைப்பு.

ஆரம்பித்தது இருபத்தாறாவது வயதில். ஒரு டிசம்பர் காலையில் பற்பசை டியூபை அமுக்க முடியவில்லை. பெங்களூர்க் குளிர் என்று விட்டுவிட்டாள். பிப்ரவரி வெயிலிலும் அமுக்க முடியவில்லை. நோரா முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை சுட்டுப் போட்டாள், யாரோ சொன்ன எண்ணெயைத் தேய்த்தாள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். வலி எதற்கும் அசையாமல், பாரபட்சம் பார்க்காமல், இரண்டு கையிலும் ஒரே அளவாக ஏறியது. கடைசியில் டாக்டர் மமதா என்ற மூட்டு வைத்தியரிடம் போனார்கள். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது வயதானால் வரும் தேய்மானம் இல்லை, உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே புத்தி கெட்டுப்போய்ச் சொந்த மூட்டை அடிக்கிற நோய், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், அடக்கி வைக்கலாம், துரத்த முடியாது என்றார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தின்ன வேண்டிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். இந்த மாத்திரை தின்னும்போது பிள்ளை உண்டாகக் கூடாது. என்றைக்குப் பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறாயோ அதற்குச் சில மாதம் முன்பே என்னிடம் வா, வேறு மருந்துக்கு மாற்றிவிடலாம் என்றார். அன்றைக்கு ஜோவிதா சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையே இல்லை, பிள்ளைக்கு எங்கே போவது?

மாத்திரை கேட்டது. வீக்கம் பாதியாக வற்றியது. ஆனால் காலைப்பொழுதை மட்டும் அது மீட்டுக் கொடுக்கவில்லை. தூங்கி எழுந்ததும் விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஒன்பது, ஒன்பதரை ஆனால்தான் கை கையாக இருக்கும். மழைக்காலத்தில் பத்தும் ஆகும். அவள் கம்பெனியில் எல்லாரும் வேண்டாம் என்று ஓடும் இரண்டாவது ஷிஃப்டை, மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை, நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் உமேஷுக்கு வாயெல்லாம் பல். இந்தப் பெண் தூங்குமூஞ்சி, காலையில் எழுந்திருக்கச் சோம்பல் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அவளும் மறுக்கவில்லை. அம்மாவைத் தவிர உலகத்தில் ஒருவரும் அவளை ஐந்து வருஷமாக விடியற்காலையில் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் க்ளென் வந்தான். அடுகோடியில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், முப்பத்துமூன்று வயது, அதிகம் பேசாதவன். தூரத்துச் சொந்தம் ஒருத்தி பேசி முடித்த சம்பந்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் சந்தித்தார்கள். ஹோட்டலில் உட்காரலாமா என்று அவன் கேட்டால், நடக்கலாம் என்பாள். அல்சூர் ஏரிக்கரையில் நடந்தார்கள், கப்பன் பார்க்கில் நடந்தார்கள், பிரிகேட் ரோட்டில் ஒன்றும் வாங்காமல் ஏழு தடவை நடந்தார்கள். செல்போனோடு சோபாவில் சாய்ந்து கிடக்கிற பெண்களையே பார்த்துச் சலித்தவனுக்கு இவளை நிரம்பப் பிடித்துவிட்டது. உன்னோடு ஒரு ஃபில்டர் காப்பி உட்கார்ந்து குடிக்க ஒரு ஜென்மம் ஆகும்போல் இருக்கிறதே என்று கேலி செய்வான். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. அவனுக்குப் பிடித்திருந்தது அவளையா, அவளுடைய நோயையா என்று யோசித்துப் படுக்கையில் புரளுவாள்.

சொல்லிவிடலாம் என்று பத்து தடவையாவது கிளம்பினாள். நோரா வாசலை மறித்தாள். கணவர் ஓஸ்வால்ட் இறந்துபோய் எட்டு வருஷம் ஒற்றை ஆளாக நின்று வீட்டைத் தாங்கியவள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், நான் ஒரே ஒரு பொய்தானே சொல்கிறேன் என்பது அவள் கட்சி. முன்னால் வந்த இரண்டு வரன்கள் விஷயத்தைக் கேட்டதும் பதில்கூடப் போடாமல் போனதை அவள் மறக்கவில்லை. நிச்சயதார்த்தத்தன்று க்ளெனுடைய அம்மா பியாட்ரிஸ், பெண்ணுக்கு உடம்பில் ஏதாவது உண்டா என்று மரியாதையாகவே கேட்டாள். தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத பெண் என்று நோரா அடித்துச் சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்த ஜோவிதா அப்போதுதான் வாரத்து மாத்திரை தின்ற மறுநாளின் குமட்டலை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஓலை வந்தது. கத்தோலிக்கர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசை முடியும் நேரத்தில், மணமக்கள் பெயரைச் சாமியார் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். பெண் வீட்டுப் பங்குக் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பங்குக் கோயிலிலும் வாசிப்பார்கள். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். சின்ன வயதிலிருந்து நூறு ஓலை கேட்டிருக்கிறாள் ஜோவிதா. ஓலை நேரம் என்றால் செருப்பைத் தேடுகிற நேரம். தன் பெயர் வந்த அன்றைக்குத்தான் கடைசி வரியை முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டாள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

அறிந்தவர்கள். அவளை விட அறிந்தவள் யார்? அந்த ஒரு வரி செருப்புக்குள் விழுந்த கல்லைப்போல வாரம் முழுக்க உறுத்தியது. மெட்ரோவில் பீன்யா வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றபடி அதையே சொல்லிக்கொண்டு போனாள். அரை மில்லிமீட்டர் தவறினாலும் வால்வைத் தூக்கிச் சிவப்புத் தட்டில் போடுவதுதான் அவள் உத்தியோகம். தன்னை மட்டும் சோதிக்காமலே பச்சைத் தட்டில் வைத்து அனுப்புகிறாளே என்று அவளுக்கே அவள் மேல் கோபம் வந்தது.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம் அடுகோடிக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பியாட்ரிஸ் கெட்டவளாக இருந்திருந்தால் ஜோவிதாவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவளோ தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள், கன்னத்தைத் தடவினாள். எங்கள் வீட்டில் அஞ்சு மணிக்கு எழுந்து ஆறரைப் பூசைக்குப் போய்விடுவோம், முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் முதல் காப்பி நான்தான் போடுகிறேன், இனிமேல் நீ வந்து போட்டுக் கொடு, நான் ஒரு நாளாவது படுக்கையில் வாங்கிக் குடிக்கிறேன் என்றாள். வருஷம் திரும்புவதற்குள் ஒரு பேரனோ பேத்தியோ பார்த்துவிட வேண்டும் என்றாள். அத்தனையும் அன்பாகத்தான். எழுந்து கை கழுவப் போன ஜோவிதா கொல்லைப்புறத்திலேயே கால் மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தாள்.

அடுத்த ஆறு நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி எதற்குடீ அலைகிறாய் என்று நோரா கேட்டாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு, கை சரியானதும், அம்மாவிடம் தையல்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே பங்கு ஆபீசுக்குப் போனாள்.

ஃபாதர் ஜாய்சன் அந்தப் பங்குக்குப் புதிது. மெழுகுவர்த்திப் பெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணத்துக்குத் தடை சொல்ல வந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். யாருடைய கல்யாணம் என்று கேட்டார். சொன்னாள். அந்தப் பெண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

"நான்தான் ஃபாதர் அந்தப் பொண்ணு."

சாமியாருக்கு வேர்த்துவிட்டது. யாராவது வற்புறுத்துகிறார்களா, ஏற்கெனவே கல்யாணம் ஆனதா, வேறு யாரையாவது விரும்புகிறாயா என்று வரிசையாகக் கேட்டார். அவள் கையை மேஜை மேல் நீட்டி, விரல்களின் நடுக் கணுக்கள் புடைத்திருப்பதைக் காட்டி, நோயின் பெயரைச் சொன்னாள். மாத்திரையைச் சொன்னாள். காலைப்பொழுதைச் சொன்னாள். பிள்ளை விஷயத்தில் டாக்டர் சொன்னதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஐந்து வருஷத்தில் ஒரு மனுஷரிடம் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது.

திருச்சபைச் சட்டத்தில் நோய் ஒரு தடையே இல்லை என்றார் ஃபாதர். அப்பாடா என்று எழுந்துவிட்டாள். அந்த இடத்தில்தான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். சாமியார் காதில் போட்டால் சங்கதி தீர்ந்தது என்று பாவசங்கீர்த்தனம் செய்தே வளர்ந்த பழக்கம் அப்படி. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் முழங்காலிட்டுச் சொன்னால் விஷயம் அங்கேயே புதைந்துவிடும். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து தடை என்று சொன்னால் அது ஃபைலில் ஏறும். அவள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டாள்.

"மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் ஃபாதர்.

தெரியாது என்றாள். அவர் பேனாவை மூடி வைத்தார். தெரியாமல் ஒருவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று நான் எழுத முடியாது. இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடு, அவர் எனக்கு ஒரு போன் செய்யட்டும், செய்தால் நாளைக்கு மூன்றாவது ஓலையை வாசிக்கிறேன், செய்யாவிட்டால் இங்கேயும் வாசிக்க மாட்டேன், அந்தப் பங்குக்கும் சொல்லி நிறுத்திவிடுவேன் என்றார். குரலில் கடுமை இல்லை. அதனால் அவளால் சண்டைபோடவும் முடியவில்லை.

அன்று ஷிஃப்டில் ஐந்து மணி டீ நேரத்தில் க்ளெனைக் கூப்பிட்டாள். ஒரு ஏசிக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றான். அவன் திரும்பக் கூப்பிட்டபோது அவள் கையில் வால்வு இருந்தது, எடுக்காமல் விட்டாள். கையில் வால்வு இல்லாதபோதும் எடுக்கவில்லை. நாலு முறை மெசேஜ் தட்டினாள், நாலையும் அழித்தாள். வெறும் நாலு வரி. அன்றைக்கு விரலில் வலியே இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கடைசி ஓலைக்குப் பெண் வீட்டுக் கோயிலுக்கு வந்து உட்காருவது பியாட்ரிஸ் வீட்டு வழக்கம். ஞாயிறு எட்டு மணித் தமிழ்ப் பூசைக்குப் பட்டுப்புடவையில், க்ளெனோடும் ஒன்பது சொந்தக்காரர்களோடும் இரண்டாவது வரிசையில் வந்து இறங்கினாள். நோராவும் ஜோவிதாவும் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் கை கூப்பித் திரும்பினார்கள். காலை எட்டரைக்கு ஜோவிதாவின் உள்ளங்கைகள் ஒட்டாது. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிற இடம் இருக்கும். முந்தானையால் மூடிக்கொண்டு கும்பிட்டாள். க்ளென் புன்சிரிப்போடு அவளுக்குத் தலையாட்டினான். பாவி, போன் எடுக்காததற்குக்கூட அவனுக்குக் கோபமில்லை.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்து முடிந்ததும் ஃபாதர் ஜாய்சன் அறிவிப்புத் தாளை எடுத்தார். வேறொரு ஜோடியின் முதல் ஓலையை வாசித்தார். இன்னொரு ஜோடியின் மூன்றாவது ஓலையை வாசித்தார். மறைக்கல்வி வகுப்பு நேரம், ரத்ததான முகாம், இளைஞர் கூட்டம் என்று போனார். தாளை மடித்தார். பியாட்ரிஸ் சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நோரா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த இடம் வலித்தது, ஜோவிதா விடுவித்துக்கொள்ளவில்லை.

கோயில் முற்றத்தில், மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லாரும் நின்றார்கள். டைப் அடித்தவன் விட்டிருப்பான் என்று நோரா ஆரம்பித்தாள். பியாட்ரிஸ் நேரே போய் ஃபாதரிடம் கேட்டாள். அவர் பெண்ணிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பதினொரு ஜோடிக் கண்கள் ஜோவிதா பக்கம் திரும்பின. அவள் இத்தனை நாள் பக்குவமாகச் சொல்ல வார்த்தை தேடியதெல்லாம் வீண். ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு மூட்டு நோய், அஞ்சு வருஷமாக இருக்கிறது, சாகும் வரைக்கும் இருக்கும், நான்தான் ஃபாதரிடம் சொன்னேன்.

வெறும் வாதம்தான் என்று நோரா குறுக்கே பாய்ந்தாள்.

"நிச்சயத்தன்னிக்கு உங்க கிட்ட கேட்டேனே நோரா. மூஞ்சிக்கு நேரா கேட்டேனே" என்றாள் பியாட்ரிஸ். கத்தியிருந்தால் தேவலை. சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

க்ளென் மட்டும் நின்றான். நோயைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"ஃபாதர் கிட்ட எப்ப சொன்ன?"

"நேத்து பதினோரு மணிக்கு."

"என்கிட்ட?"

அவள் முந்தானை நுனியை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். இத்தனை வருஷ வலியில் ஒரு நாளும் தெருவில் அழாதவள், அன்றைக்கு ஆஸ்டின் டவுன் மெயின் ரோட்டில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்து மணிக்குள் பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை வாங்கும் சாக்கில் வந்துவிட்டாள். நோரா அழுதாள், திட்டினாள், சமைக்காமல் படுத்தாள், மறுபடி எழுந்து திட்டினாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே என்றாள். ஜோவிதா நடந்தாள். வாசலிலிருந்து அடுப்படி வரை பதினாறு அடி. அதை எத்தனை தடவை அளந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு போன் அதிர்ந்தது. க்ளென் எழுதியிருந்தான்: நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வரேன். எப்படி இருக்கும்னு பாக்கணும்.

இதைப் படித்ததும் நோராவுக்கு உயிர் வந்துவிட்டது. பார்க்க வருகிறவன் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? நாலு மணிக்கே மகளைக் கட்டிலிலிருந்து கிளப்பினாள். எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பெரிய குண்டானில் வெந்நீர் வைத்து, கல்லுப்புப் போட்டு, நாலரையிலிருந்து இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் முக்கி வைத்தாள். ஆற ஆற மாற்றினாள். பாதத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். ஒவ்வொரு விரலாக நீவி விட்டாள். தலை வாரிப் பின்னி, நல்ல சுடிதாராகப் பார்த்து மாட்டி, கொக்கியைத் தானே போட்டுவிட்டாள். ஜோவிதாவும் மறுக்காமல் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்று சாமியார் வரைக்கும் போனவள்தான். ஆனால் அவன் தன்னை அருவருத்துப் பார்க்கும் ஒரு பார்வையை நினைத்தபோது, வெந்நீர் ரொம்ப நல்லதாகப் பட்டது.

ஐந்து இருபதுக்கு நோரா குண்டானைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஐந்தரைக்கு க்ளென் வந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது, அவனும் தூங்கவில்லை.

அவன் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு மிஷின் பழுதானால் எதைக் கேட்பானோ அதைக் கேட்டான். எந்த விரல் முதலில், எவ்வளவு நேரம், குளிர்ந்தால் என்ன ஆகும், மாத்திரை தின்னாமல் விட்டால் என்ன ஆகும். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இப்போது தின்பதை நிறுத்தி மருந்தை மாற்றிச் சில மாதம் ஆனால்தான் பிள்ளை பற்றி யோசிக்க முடியும் என்பதையும் சொன்னாள். காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத் தூக்கிக் குடித்தாள். அவன் கண் எடுக்காமல் பார்த்தான். கம்ப்ரஸர் சூட்டைப் பார்ப்பதுபோல் புறங்கையால் அவள் விரல் கணுவைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்றான். ஆமாம் என்றாள். ஆறே முக்காலுக்கு முதல் தடவையாக அவளுடைய வலது கை முஷ்டி மூடியது. மற்ற நாளில் அது மூட ஒன்பதாகும்.

"பாத்தீங்களா தம்பி, அவ்ளோதான். ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் பொண்ணு ஜம்னு இருக்கும்" என்றாள் நோரா அடுப்படி வாசலிலிருந்து.

க்ளென் பெருமூச்சு விட்டான். முகத்தில் நேற்றிலிருந்து இருந்த இறுக்கம் தளர்ந்தது. ராத்திரியெல்லாம் போனில் படித்துப் படித்து ரொம்பப் பயந்துவிட்டேன், அந்த அளவுக்கு இல்லை, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஃபாதர் ஜாய்சன் நம்பரைத் தேடினான். நோரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜோவிதா எழுந்து நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்; அரை நிமிஷத்தில் எல்லாம் சுபமாக முடிந்துவிடும். வரும் ஞாயிறு ஓலை, பிறகு கல்யாணம், பிறகு அடுகோடி வீட்டில் விடியற்காலையில் வெந்நீரை எங்கே ஒளித்து வைப்பது என்ற கவலை, அது ஆயுள் முழுக்க. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"போன் பண்ணாத க்ளென்."

அவன் நிமிர்ந்தான்.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சுடுதண்ணில கை வெச்சிகினு இருந்தேன். தல வாரினது, கொக்கி போட்டது எல்லாம் மம்மி. நீ பாத்தது பாதி கூட இல்ல." காலாலேயே குண்டானைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் காட்டினாள். தண்ணீர் தரையில் சிந்தியது. இன்னும் வெதுவெதுப்பு போயிருக்கவில்லை.

நோரா முகத்தைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். க்ளென் குண்டானைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். போனைப் பையில் போட்டான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசல் வரைக்கும் போனான். முடிந்தது என்று ஜோவிதா நினைத்தாள். நினைத்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினான்.

"நெஜமா எத்தன மணிக்கு எழுந்திருப்ப?"

"நாலு. வலியில முழிப்பு வந்துடும்."

"நாளைக்கு நாலு மணிக்கு வரேன்" என்றான். "நீ எழுந்திருக்காத. மம்மியையும் எழுப்பாத. கதவை மட்டும் தாழ் போடாம வை, சுடுதண்ணி நான் வெக்கிறேன்."